மகளுக்கு நான் வரவழைத்த காய்ச்சல்

என் மகள் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த மேற்படிப்பைக் கெடுத்தவன் நான். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று பொய்ச் சான்றிதழ் வாங்கினேன். அவள் எழுதியதுபோல நானே கடிதம் எழுதினேன். அவளைக் கேட்காமல் அதை அவளுடைய பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதம், திருச்செங்கோட்டில், என் மகன் கல்யாணத்தின்போது இது நடந்தது. ‘அந்தப் பிள்ளை அவ்வளவு தூரம் போய்ப் படிக்காமல் வந்துவிட்டது’ என்று சொந்தத்தில் இன்னும் பேசுகிறார்கள். அது அப்படியல்ல என்று நான்தான் சொல்ல வேண்டும்.

நான் ஒரு கலைக்கல்லூரியில் வணிகவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையின் பின்பாதியில் தேர்வுப் பிரிவும் என் பொறுப்பில் இருந்தது. எனக்குக் கல்யாணமே தாமதம், பிள்ளைகளும் தாமதம். மகன் எங்கள் தோட்டத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். மகள் அவனுக்கு இளையவள். பி.காம். முடித்ததும் வங்கித் தேர்வு எழுதுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சனி, ஞாயிறுகளில் சேலத்துக்குப் பேருந்து ஏறிப் போய் ஜெர்மன் மொழி படிக்க ஆரம்பித்தாள். பிறகு ஒருநாள், சர்வதேச வணிக மேலாண்மையில் முதுகலைக்கு இடம் கிடைத்திருப்பதாக வந்து சொன்னாள். இரண்டு மொழியில் நடக்கிற படிப்பு. பாதிப் பாடங்கள் ஆங்கிலத்தில், மீதி ஜெர்மனில். தேர்வும் அப்படியேதான்.

எதற்கு இந்தக் கஷ்டம், முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிற படிப்பாகப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“நம்ம பக்கத்துத் தறியில ஓடுற துண்டு அங்க கடையில தொங்குதுங்கப்பா. இங்கிருந்து அங்க போறதுக்குள்ள நாலு கை மாறுது. அந்த நாலு பேர்ல ஒருத்தியா நான் இருக்கோணும். வாங்குறவங்க பாசையில பேசுனாத்தான் அது முடியுமுங்க.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வழியனுப்பும்போது அழக்கூட அழுதேன். ஆகவே நான் ஆரம்பத்திலிருந்தே எதிராக இருந்தவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எதிராக இருந்திருந்தால் இவ்வளவு கெடுதல் செய்திருக்க முடியாது.

ஆங்கிலப் பாடங்களில் அவள் வகுப்பில் முதல் வரிசையில் இருந்தாள். ஜெர்மன் பாடங்களிலும் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். வணிகச் சட்டம் மட்டும் அவளை அடித்துப் போட்டது. ஒரு வாக்கியம் அரைப்பக்கத்துக்கு ஓடும், வினைச்சொல் கடைசியில்தான் வரும், அதற்குள் ஆரம்பம் மறந்துபோகும் என்பாள். முதல் தடவை தேறவில்லை. இரண்டாவது தடவையும் தேறவில்லை. அங்கே ஒரு தாளை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் போய்விட்டால் படிப்பே முடிந்தது. அதே படிப்பை அந்த நாட்டில் வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. நியாயமான காரணம் இல்லாமல் வராமல் இருந்தாலும் தோல்விதான்.

இதை அவள் என்னிடம் மறைக்கவில்லை. தொலைபேசியில் ஒன்றுக்கு இரண்டு முறை விளக்கினாள். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் என் காதில் விழுந்தது ‘அரியர்’ என்ற ஒரே சொல். அந்தச் சொல்லோடு வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். எட்டாவது, ஒன்பதாவது முயற்சியில் தேறியவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். வருகைக் குறைவென்றால் மருத்துவச் சான்றிதழ். தேர்வுக்கு வரவில்லையென்றால் அதற்கும் சான்றிதழ். என் மேஜைக்கு வந்த சான்றிதழ்களில் பெரும்பாலானவை பொய் என்று எனக்குத் தெரியும். கொண்டுவந்த பெற்றோருக்கும் தெரியும். எழுதிக்கொடுத்த டாக்டருக்கும் தெரியும். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். அதை இரக்கம் என்றே நினைத்தேன்.

மகனுக்கு எடப்பாடிப் பக்கம் பெண் அமைந்தது. தறி வைத்திருக்கிற குடும்பம், நல்ல மனிதர்கள். தையிலும் முகூர்த்தம் இருந்தது, வைகாசியிலும் இருந்தது. எதுவானாலும் சரி என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். “பாப்பாவுக்குத் தையில பரீட்சைங்கப்பா, வைகாசியில வெச்சுக்கலாமுங்க” என்று மகனே சொன்னான். நானும் சரி என்றுதான் இருந்தேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு அவனுடைய சகோதரி சேர்ந்து நின்று செய்கிற சீர். கூடப்பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா, சித்தப்பா மகள் செய்வாள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் எங்கள் பங்காளி ஒருவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். எனக்கு மூத்தவர். போர்வெல் வண்டிகள் வைத்திருக்கிறார். வாயும் அந்த வண்டி மாதிரியே, இறங்கினால் நிற்காது.

“ஏனுங் தம்பி, புள்ளைய சீமைக்கு அனுப்பிப்போட்டீங்க. இணைச்சீருக்கு என்ன, ஆள வாடகைக்குப் புடிக்கிறீங்களா? வேணும்னா என்ற ஊட்டுல ஒண்ணு இருக்குது, டீசல் மட்டும் போடுங்க போதும்.”

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, “தையில கண்ணாலம், என்ற புள்ள வந்து நிப்பா, பாருங்க” என்று சொல்லிவிட்டேன். இலை எடுப்பதற்குள் நாள் முடிவாகிவிட்டது. என் மகளின் படிப்பு போனது அந்த இடத்தில்தான். பின்னால் நடந்ததெல்லாம் அதன் தொடர்ச்சி.

நாளைச் சொன்னதும், தேர்வு அதற்கு மூன்றாம் நாள் என்றாள். பிறகு தானே கணக்குப் போட்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்யாணம் காலை முகூர்த்தம். அன்று மத்தியானம் கிளம்பினால் பெங்களூரில் விமானம் பிடிக்கலாம். ஒருநாள் இடைவெளியில் போய்த் தேர்வு எழுதிவிடலாம். “மத்தியானம் என்னைய உட்டுருவீங்கல்லப்பா?” என்று மூன்று நான்கு தடவை கேட்டாள். கார் சொல்லி வைத்துவிட்டேன் என்றேன். உண்மையிலேயே சொல்லித்தான் வைத்திருந்தேன்.

வந்தாள். மண்டபத்து மாடியறையில் ஒருத்தி பின்னால் நின்று ஜடை பின்ன, இவள் கண்ணாடி மேஜைமேல் சட்டப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அத்தைகள் கேலி செய்தார்கள். “அம்முணி, தாலி கட்டறப்பவாவது அந்தப் பொஸ்தகத்த மூடி வெய்யி” என்று ஒருத்தி சொல்ல, இவளும் சிரித்தபடி ஜெர்மனில் ஏதோ திருப்பிச் சொன்னாள். சீரின்போது பட்டுச்சேலை கட்டி, தலையில் பேழைமூடி என்கிற சீர்க்கூடையைச் சுமந்து, அண்ணன் பக்கத்தில் நின்றாள். நான் பங்காளியைத் தேடிப் பார்த்து, அவர் பார்க்கிறாரா என்று உறுதி செய்துகொண்டேன். போர்வெல் வண்டியோடு வடக்கே போயிருந்த சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கல்யாணத்தை இணையத்தில் நேரலையாக விட்டிருந்தோம்.

மத்தியானப் பந்தி முடியும் நேரம். மறுவீட்டுக்கு மணமக்களோடு எல்லோரும் எடப்பாடி கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மகள் சேலையை மாற்றிவிட்டுப் பையோடு கீழே வந்தாள். அதைப் பார்த்த சம்பந்தியம்மா, “நாத்தனா வரலீங்களா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். பக்கத்தில் நின்ற பங்காளி, “சீரு செஞ்சவ பாதியில ஓடுனா நல்லாவா இருக்கும்?” என்றார். நாலு பேர் என்னைப் பார்த்தார்கள். நான் மகளைப் பார்த்து, “ரெண்டு நாள் கழிச்சுப் போ சாமி. அரியர்தானே, அப்பா பாத்துக்கறேன்” என்றேன்.

அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. “அப்பா, இது கடைசிங்கப்பா” என்றாள். சபையில் அப்பனை எதிர்த்துப் பேசிப் பழகாத பிள்ளை. மகன் மாலையோடு ஓடிவந்து, அனுப்பிவிடுங்கள் என்றான். மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறவன் இதில் தலையிடாதே என்று அவனை அடக்கினேன். காரைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். அவளை என் தங்கை கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள்.

அவர்கள் போனதும், மண்டபக் கணக்கைப் பார்க்க நான் தங்கிவிட்டேன். மனதுக்குள் அச்சம் இருந்தது. ஆனால் கைவசம் மருந்தும் இருந்தது. மனைவியின் சொந்தத்தில் ஒரு டாக்டர் கல்யாணத்துக்கு வந்திருந்தார். டைபாய்டு என்று எழுதித் தரச் சொன்னேன். “புள்ளைக்குப் பின்னால ஒண்ணும் வராதுங்களே?” என்று அவர் தயங்கினார். நான் பார்க்காத சான்றிதழா என்றேன். பரீட்சை நாளுக்கு மட்டும் போட்டால் சந்தேகம் வரும் என்று, ஒரு வாரமாகவே படுத்த படுக்கை என்று போட வைத்ததும் என் யோசனைதான். அனுபவம் அப்படிப் பேசியது.

மகளின் பை என்னோடு வீட்டுக்கு வந்திருந்தது, அதிலிருந்த மடிக்கணினியைத் திறந்தேன். அவளுடைய மின்னஞ்சல் திறந்தே இருந்தது. உட்கார்ந்து எழுதினேன். ‘நான் கடும் காய்ச்சலில் மருத்துவமனையில் இருக்கிறேன், எழுந்து உட்கார முடியவில்லை’ என்று நல்ல ஆங்கிலத்தில், என் மகளாக இருந்து எழுதினேன். கீழே அவள் பெயரைப் போட்டேன். அனுப்பினேன். அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அவள் திரும்பியதும் பெரிய உபகாரம் செய்தவன்போல இதைச் சொன்னேன். அவள் கணினியைத் திறந்து அந்தக் கடிதத்தைப் படித்தாள். படித்துவிட்டு, உடனே உண்மையை எழுதிவிடுகிறேன், பயணம் தவறிவிட்டது என்றே சொல்லிக் கெஞ்சிப் பார்க்கிறேன் என்றாள். “அப்பனப் பொய்யனாக்கிப்போட்டு நீ என்ன படிச்சுக் கிழிக்கப் போறே?” என்று கேட்டேன். அவள் கணினியை மூடிவிட்டாள். அவளைத் தடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதைப் பேசிய வாய் என்னுடையது.

திரும்பிப் போன பிறகு நடந்ததை மகன் மூலமாகத்தான் அறிந்தேன். கல்யாண நேரலையின் இணைப்பை அவள் தன் வகுப்பில் எல்லோருக்கும் முன்கூட்டியே அனுப்பியிருந்தாள், எங்கள் ஊர்க் கல்யாணத்தைப் பாருங்கள் என்று. வணிகச் சட்டம் நடத்திய பேராசிரியையும் காலையில் காபி குடித்துக்கொண்டே அதன் பதிவைப் பார்த்திருக்கிறார். தலையில் பேழைமூடியோடு சிரித்து நின்ற பெண், சான்றிதழ்ப்படி அன்றைக்கு மருத்துவமனையில் படுத்திருந்தாள். தேர்வுக் குழு அவளை அழைத்துக் கேட்டது. அப்பா அனுப்பினார் என்று உண்மையைச் சொன்னாள். உனக்கு எப்போது தெரியும் என்றார்கள். மறுநாளே தெரியும் என்றாள். ஏன் எங்களுக்குத் தெரிவிக்கவில்லை என்றார்கள். மூன்றாவது முறையும் தோல்வி, கூடவே ஏமாற்ற முயன்றாள் என்ற குற்றம் என்று இரண்டையும் எழுதி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அப்போதும் நான் திருந்தவில்லை. வெள்ளைக்காரனுக்கு ஈவிரக்கம் இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மேல்முறையீடு செய்ய அவளுக்கு ஒரு மாதம் அவகாசம் இருந்தது. சான்றிதழ் அனுப்பியவரே குழுவின் முன் சொன்னால் ஏதாவது பலன் இருக்கலாம் என்று அங்கே மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவர் கூறியிருக்கிறார். அவள் என்னைக் கேட்கவில்லை. மகன்தான் வந்து நின்றான். “அவ கேக்கமாட்டாளுங்க. நீங்களாத்தான் சொல்லோணும்” என்றான். தேர்வுப் பிரிவையே நடத்திய மனிதன் பொய்ச் சான்றிதழ் அனுப்பினேன் என்று அந்நியர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? பழைய கல்லூரிக்குத் தெரிந்தால்? அந்த டாக்டர் மாட்டிக்கொண்டால்? இப்படியே நாட்களைக் கடத்தினேன். அவகாசம் முடிகிற தறுவாயில், என் மனைவி சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்று சொன்னாள். “உங்க மானம் இன்னும் கொஞ்ச நாளைக்கி. அவளுக்கு எத்தன வருசம் கெடக்குதுன்னு நெனச்சுப் பாருங்க.”

நான் சம்மதித்ததும் காணொளியில் விசாரணை நடந்தது. திரையில் மூன்று பேர், ஓரத்துக் கட்டத்தில் என் மகள். நான் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன். தயாரித்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். எங்கள் வழக்கம், சபை, சொந்தம் என்று நீளமாகப் பேசினேன். தலைமை வகித்த அம்மையார் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், நீங்களே தேர்வுகளை நடத்தியவர், இந்தச் சான்றிதழை நாங்கள் நம்புவோம் என்று நினைத்தீர்களா என்று கேட்டார். எங்கள் இடத்தில் யாரும் சரிபார்ப்பதில்லை என்றேன். அடுத்து, அனுப்புவதற்கு முன் உங்கள் மகளைக் கேட்டீர்களா என்றார். இல்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஓரத்துக் கட்டத்தில் மகள் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஏமாற்ற முயன்றாள் என்ற குற்றத்தை நீக்கினார்கள். தோல்வி நின்றது. நியாயமான காரணம் இல்லாமல் வரவில்லை, அவ்வளவுதான். அந்தத் தாளை அவள் எழுதியிருந்தால் தேறியிருப்பாளா என்பது யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவளே அழைத்தாள். நன்றி சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

“நீங்க என்னைய நிறுத்துனதக்கூட மறந்துருவேனுங்கப்பா. சொந்தக்காரங்க முன்னால உங்களுக்கு அப்படி ஆயிப்போச்சு. ஆனா என்ற பேர்ல உக்காந்து எழுதுனீங்களே, அத எப்புடி மறக்கறதுன்னு நானும் யோசிக்கிறேன், முடியலீங்க.”

அவள் ஊருக்குத் திரும்பவில்லை. ஒரு துறைமுக நகரத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில், பள்ளி முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து தொழிற்பயிற்சி படிக்கிறாள். முழுக்க ஜெர்மனில்தான். நம் பக்கத்துத் துணி வருகிற பெட்டிகளுக்குச் சில நாள் அவள்தான் காகிதம் எழுதுகிறாளாம். அம்மாவோடு ஞாயிறு தவறாமல் பேசுகிறாள். என்னிடம் போன் வந்தால், நல்லாயிருக்கேனுங்கப்பா, சாப்ட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

இந்த வருடம் பேத்திக்குக் காது குத்தினோம். அத்தை வரவில்லை. பங்காளி பந்தியில் கேட்டார், “ஏனுங் தம்பி, சீமைக்காரி வரலீங்களா?” பரீட்சை என்று சொல்லிவிடலாம், எல்லோரும் நம்புவார்கள். நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, பரிமாறுகிறவர்களை நிறுத்தி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சான்றிதழைச் சொன்னேன், அவள் பெயரில் எழுதியதைச் சொன்னேன், அவள் தோற்றதற்குக் காரணம் நான் என்று சொன்னேன். பிறகு பங்காளி, “இதுக்குப் போயி… நம்ம பசங்க எல்லாம் சட்டிபிகேட்டு வாங்காமயா பாஸ் பண்ணுனாங்க? உடுங்க தம்பி, ரசம் ஊத்தச் சொல்லுங்க” என்றார். ரசம் ஊற்றினார்கள். பேச்சு முட்டை விலைக்குப் போய்விட்டது.

நான் சபையில் பேசியதை என் மனைவி மகளுக்குச் செய்தியாக அனுப்பினாள். அவள் படித்துவிட்டாள் என்று போனில் தெரிந்தது. பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறும் அவள் அம்மாவிடம் குழந்தையின் காது ஆறிவிட்டதா என்றுதான் கேட்டாளாம். உண்மையை ஒப்புக்கொண்டால் பாரம் இறங்கும் என்று வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு இறங்கவில்லை. இறங்கியதா என்று என்னிடம் கேட்க வேண்டியவள் கேட்காதவரை, அது இறங்கக் கூடாது என்றும் எனக்குத் தோன்றுகிறது.